16 கிலோவாட்டா, 9 கிலோவாட்டா? பழைய வீட்டின் வெப்ப இழப்பை நாமே கணக்கிடுவது

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் எசன் நகருக்குப் பக்கத்தில், 1964இல் கட்டிய 120 சதுர மீட்டர் தனி வீடு. வெளிச்சுவர் 30 சென்டிமீட்டர் செங்கல், அதற்கு இன்சுலேஷன் கிடையாது. மேல்தளத்துக்கு மட்டும் சில வருடங்களுக்கு முன் போட்டிருக்கிறார்கள். நாலு பேர் குடும்பம், குளிக்கிற வெந்நீரும் சேர்த்து வருடத்துக்கு 24,000 கிலோவாட் மணி கேஸ். இப்போது பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து வீட்டுக்குள் கொடுக்கும் இயந்திரம்) வைக்கலாம் என்று இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஒருவர் 16 கிலோவாட் வேண்டும் என்கிறார், இன்னொருவர் 9 போதும் என்கிறார். யார் சொல்வது சரி? ஐரோப்பிய நெறிப்படி நாமே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். ஒரு டேப், ஒரு நோட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் போதும். மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது தகுதியுள்ளவரின் கையெழுத்து போட்ட கணக்கு வேண்டியிருக்கும், அது வேறு. ஆனால் நம் கையில் ஒரு எண் இருந்தால்தான் எதிரில் இருப்பவர் சொல்லும் எண்ணைக் கேள்வி கேட்க முடியும்.

முதலில் எந்த எண்ணைத் தேடுகிறோம் என்று தெளிவாகிவிட வேண்டும். வருடத்துக்கு எவ்வளவு கேஸ் ஆகும் என்பது ஒரு கேள்வி. வருடத்திலேயே மிகக் குளிரான நாளில், வீட்டுக்குள் 20 டிகிரி இறங்காமல் இருக்க, ஒவ்வொரு கணமும் எவ்வளவு வெப்பம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. ஓட்டைக் குடத்தில் நீர்மட்டம் இறங்காமல் இருக்க எவ்வளவு வேகமாக ஊற்ற வேண்டும் என்பது போன்றது இந்த இரண்டாவது. ஜெர்மன்காரர்கள் இதை ஹைட்ஸ்லாஸ்ட் என்பார்கள், நாம் வெப்பச்சுமை என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கான ஐரோப்பிய நெறி ஈஎன் 12831. 2003இல் வந்தது, 2017இல் திருத்தினார்கள். அதற்கு முன் ஜெர்மனியில் டிஐஎன் 4701 என்ற பழைய நெறி பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தது.

சூத்திரம் ஐரோப்பா முழுக்க ஒன்றுதான். உள்ளே போடும் எண்களை அந்தந்த நாடு தன் பின்னிணைப்பில் வைத்துக்கொள்கிறது. அதில் பெரிய வித்தியாசம் வெளி வெப்பநிலை. பின்லாந்தின் தென்கரையில் −26 டிகிரிக்கும் வடக்கே −38க்கும் கணக்குப் போடுகிறார்கள். ஜெர்மனியின் பழைய பட்டியலில் மியூனிக் −16, பெர்லின் −14, ஹாம்பர்க் −12, எசன் −10. இவை எப்போதோ ஒரு ராத்திரி பதிவான சாதனைக் குளிர் அல்ல. 20 வருடத்தில் 10 தடவை எட்டிய இரண்டு நாள் சராசரி. 2020இல் வந்த புதிய ஜெர்மன் பட்டியல் அஞ்சல் குறியீடு வாரியாகக் கொடுக்கிறது, பல இடங்களில் பழையதைவிடக் கொஞ்சம் இளகியிருக்கிறது. நாம் பழைய −10ஐயே எடுத்துக்கொள்வோம். உள்ளே 20, வெளியே −10, வித்தியாசம் 30 டிகிரி. கைக்கணக்குக்கும் சௌகரியம்.

அடுத்தது யு மதிப்பு. ஒரு சதுர மீட்டர் சுவர் வழியாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் வெளியே போகிறது என்பதுதான் அது. உங்கள் சுவருக்கே போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு அடுக்கின் தடிமனை மீட்டரில் எடுத்து, அந்தப் பொருளின் கடத்துத்திறனால் வகுத்தால் அந்த அடுக்கின் தடை கிடைக்கும். உள்பூச்சு ஒன்றரை சென்டிமீட்டர், கடத்துத்திறன் 0.70, தடை 0.02. செங்கல் 30 சென்டிமீட்டர், 0.68, தடை 0.44. வெளிப்பூச்சு இரண்டு சென்டிமீட்டர், 1.0, தடை 0.02. இவற்றோடு சுவரை ஒட்டி நிற்கும் காற்றுப் படலத்துக்கு உள்ளே 0.13, வெளியே 0.04 என்று ஐஎஸ்ஓ 6946 என்ற நெறி கொடுத்திருக்கிறது. எல்லாம் கூட்டினால் 0.65. ஒன்றை அதால் வகுத்தால் 1.53. இதுதான் உங்கள் சுவரின் யு மதிப்பு. இன்று ஜெர்மனியில் வெளிச்சுவருக்கு இன்சுலேஷன் போடுகிறவர்கள் 0.24க்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம்!

இந்த 1.53க்கு வீட்டுக்குள் என்ன அர்த்தம் தெரியுமா? −10 டிகிரி நாளில் உங்கள் சுவரின் உள்பரப்பு 14 டிகிரிதான் இருக்கும். தெர்மோஸ்டாட் 20 என்று காட்டும்போதும் சுவரோரம் போட்ட சோபாவில் உட்கார்ந்தால் முதுகு சில்லிடுவது அதனால்தான்.

கடத்துத்திறனை எங்கே பார்ப்பது என்றால், பொருள்வாரிப் பட்டியல்கள் இருக்கின்றன, கட்டிய ஆண்டுவாரிப் பட்டியல்களும் இருக்கின்றன. ஆனால் பட்டியல் வேதவாக்கு அல்ல. பிரிட்டனில் பழைய திடச் செங்கல் சுவருக்கு வெகுகாலம் 2.1 என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். நிஜ வீடுகளில் சுவரில் கருவி ஒட்டி அளந்து பார்த்த பிறகு 1.7 என்று இறக்கினார்கள். பட்டியலை நம்பிக் கணக்குப் போட்டால் பழைய வீடு பல நேரம் இருப்பதைவிட மோசமாகத் தெரியும். அதில் ஒரு கிலோவாட், இரண்டு கிலோவாட் ஓசைப்படாமல் ஏறிவிடும்.

சரி, ஓர் அறையை எடுப்போம். நீங்கள் அளவு கொடுத்த தரைத்தள மூலை அறை, உள்ளளவு ஐந்துக்கு நாலு மீட்டர், உயரம் இரண்டரை. ஜெர்மனியில் வெளியளவைத்தான் எடுக்க வேண்டும், அதாவது சுவர்த் தடிமனையும் மாடித் தளத்தின் தடிமனையும் சேர்த்து. அப்படிப் பார்த்தால் இரண்டு வெளிச்சுவரும் சேர்ந்து சுமார் 27 சதுர மீட்டர். ஜன்னல்கள் நாலரை. மீதி சுவர் 22.5.

இங்கே வெப்பப் பாலம் என்ற ஒன்றைச் சேர்க்க வேண்டும். கான்கிரீட் தளம் சுவருக்குள் போய் நிற்கும் இடம், ஜன்னல் ஓரம், பால்கனி போன்ற இடங்களில் வெப்பம் குறுக்கு வழியில் வெளியேறும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கணக்கிட நேரம் இல்லாதவர்கள் யு மதிப்போடு மொத்தமாக 0.10 கூட்டிக்கொள்ளலாம். நல்ல கட்டுமான விவரங்களோடு கட்டிய வீடு என்றால் 0.05. உங்கள் வீட்டுக்கு 0.10தான்.

சுவர்: 22.5 × 1.63 = 36.7
ஜன்னல், 1980களின் இரட்டைக் கண்ணாடி, யு 2.8: 4.5 × 2.9 = 13
தரை, கீழே சூடாக்காத கெல்லர் (நிலவறை), யு சுமார் 1.0: 23 × 1.1 × 0.5 = 12.7

அந்த 0.5 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கெல்லர் வெளிக்காற்று அளவுக்குக் குளிராது. ஜன்னலோ வெளிக்கதவோ இல்லாத கெல்லருக்குப் பாதி, இருந்தால் 0.8 என்று நெறியின் 2003 பதிப்பிலேயே எண் இருக்கிறது. உங்கள் கெல்லரில் கரி கொட்டுகிற பழைய ஜன்னல் இன்னும் திறந்தே இருந்தால் 0.8 போட்டுக்கொள்ளுங்கள். இல்லை, அதை மூடிவிடுங்கள், அது இன்னும் நல்லது.

மேலே இருப்பதும் 20 டிகிரி அறைதான், அதனால் கூரைக்குப் பூஜ்யம். ஆக மொத்தம் டிகிரிக்கு 62.4 வாட். 30 டிகிரிக்கு 1,870 வாட்.

இனி காற்று. எவ்வளவு இறுக்கி மூடினாலும் வீடு மூச்சு விடும், விடவும் வேண்டும். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி ஏற்ற 0.34 வாட் மணி ஆகும். மணிக்கு அறையின் பாதிக் காற்றாவது மாற வேண்டும் என்பது சுகாதாரத்துக்கான குறைந்தபட்சம். 50 கன மீட்டர் அறை, பாதி 25. அதை 0.34ஆலும் 30ஆலும் பெருக்கினால் 255 வாட். இடுக்குகளில் தானாக நுழையும் காற்றையும் தனியே கணக்கிட்டு, இரண்டில் எது பெரியதோ அதை எடுக்கச் சொல்கிறது 2003 பதிப்பு. மின்விசிறி வைத்து வீட்டை உறிஞ்சி அளக்கும் புளோயர் டோர் சோதனையில் 50 பாஸ்கல் அழுத்தத்தில் மணிக்கு ஆறு மடங்கு காற்று மாறுகிறது என்று வந்தால்கூட, இந்த அறைக்கு நுழைகாற்று சுமார் 18 கன மீட்டர்தான் வருகிறது. 25தான் ஜெயிக்கிறது. அதனால் சுமாரான வீட்டுக்கு இந்தச் சோதனை இல்லாமலும் கணக்கு ஓடும். ஆனால் ஒரு காரியம் செய்யுங்கள். காற்றடிக்கிற ஒரு ஜனவரி ராத்திரி ஜன்னலுக்கு மேலே இருக்கிற ஷட்டர் பெட்டியின் மூடி ஓரத்தில் ஈரக் கையை வைத்துப் பாருங்கள். அறுபதுகளின் வீடுகளில் அந்தப் பெட்டி வெறும் பலகைக் கூடு. ஷட்டரை இழுக்கிற வார்ப்பட்டை போகும் துவாரம் வழியாகவே திரைச்சீலை ஆடும். என் அனுபவத்தில் "இந்த ரூம் மட்டும் சூடாகவே மாட்டேன் என்கிறது" என்கிற அறைகளில் பாதிக்கு மேல் குற்றவாளி அந்தப் பெட்டிதான். அடுத்த குற்றவாளி, ரேடியேட்டர் வைப்பதற்காகச் சுவரைக் குடைந்து மெல்லிசாக்கிய மாடம். கணக்குப் போடுகிறவர்கள் பலர் இந்த இரண்டையும் சுவரோடு சுவராகச் சேர்த்துவிடுவார்கள்.

ஆக, மூலை அறைக்கு 2,125 வாட். 20 சதுர மீட்டரால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 106. "பழைய வீடா, மீட்டருக்கு 100 வாட் போடு" என்கிற வாய்ப்பாடு இங்கே அச்சாகப் பொருந்துகிறது. அதை நம்பிக் கொஞ்சம் பாதுகாப்பும் சேர்த்தால்தான் 16 மாதிரி எண்கள் பிறக்கின்றன. மாடியில் நடுவில் இருக்கிற 14 சதுர மீட்டர் படுக்கையறையைப் பாருங்கள். ஒரே ஒரு வெளிச்சுவர், இரண்டு சதுர மீட்டர் ஜன்னல், மேலே இன்சுலேஷன் போட்ட தளம். இதே முறையில் போட்டால் காற்றோடு சேர்த்து 915 வாட், அதாவது மீட்டருக்கு 65. ஒரே வீட்டில், ஒரே செங்கலில் 106ம் இருக்கிறது, 65ம் இருக்கிறது. மீதி அறைகளுக்கும் நீங்கள் தந்த அளவுகளை வைத்து ஓட்டிப் பார்த்தேன். மொத்தம் 10 கிலோவாட்டை ஒட்டி நிற்கிறது.

கூட்டும்போது இரண்டு விஷயம் கவனம். குளியலறையை ஜெர்மனியில் 24 டிகிரிக்குக் கணக்கிட வேண்டும். அங்கிருந்து பக்கத்து 20 டிகிரி அறைக்குச் சுவர் வழியாக வெப்பம் போகும். அது குளியலறை ரேடியேட்டரின் கணக்கில் வரும், வீட்டின் மொத்தத்தில் வராது. வீட்டுக்குள்ளேயேதானே இருக்கிறது. காற்றும் அப்படித்தான். ஒரு பக்கம் நுழைகிற குளிர்காற்று மறுபக்கம் சூடான காற்றாக வெளியேறுகிறது, எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் நுழைவதில்லை. அறைகளின் எண்களை அப்படியே கூட்டினால் மொத்தம் வீங்கிவிடும்.

இப்போது கேஸ் பில்லை எடுங்கள். எனக்கு எந்த சாஃப்ட்வேரைவிடவும் இதில்தான் நம்பிக்கை. 24,000இல் பழைய பாய்லரின் திறன் 80 முதல் 85 சதவீதம், வெந்நீருக்கு 3,000 கழித்தால் வீட்டைச் சூடாக்கியது 16,000 முதல் 17,500 கிலோவாட் மணி. சாதாரண குடியிருப்பு வீட்டுக்கு முழுச்சுமை மணி என்று ஒன்று சொல்வார்கள், அதாவது முழு வேகத்திலேயே ஓடினால் வருடத் தேவை எத்தனை மணியில் முடியும் என்பது, சுமார் 2,000. வகுத்தால் 8 முதல் 9 கிலோவாட்.

இன்னும் நம்பகமாக வேண்டும் என்றால் குளிர்காலத்தில் பத்து நாள், தினமும் ராத்திரி ஒரே நேரத்தில் மீட்டரைப் பார்த்து எழுதுங்கள், பக்கத்தில் அன்றைய சராசரி வெளி வெப்பநிலையையும். உதாரணத்துக்கு, சராசரி 2 டிகிரி இருந்த நாளில் 15 கன மீட்டர் கேஸ் போயிருக்கிறது என்று வையுங்கள். சுமார் 157 கிலோவாட் மணி. பாய்லர் இழப்பும் வெந்நீரும் போக 126. 24 மணியால் வகுத்தால் 5.2 கிலோவாட். இப்படிக் கிடைக்கும் புள்ளிகளைக் கட்டம் போட்ட தாளில் வைத்தால் ஒரு சாய்கோடு விழும். அந்தக் கோடு 20 டிகிரியில் பூஜ்யமாகாது, 15, 16 டிகிரியிலேயே ஆகிவிடும். மீதி நாலு டிகிரியை மனிதர்களும் ஃப்ரிட்ஜும் அடுப்பும் வெயிலும் இலவசமாகத் தருகின்றன. 16இல் தொடங்கி 2 டிகிரிக்கு 5.2 என்றால், −10க்கு நீட்டும்போது 9.7 வருகிறது. நெறியின் கணக்கு இந்த இலவசத்தைச் சேர்க்காது, பில் சேர்த்துவிடுகிறது. அதனால் பில் எண் கொஞ்சம் குறைவாக வருவதுதான் முறை. நேர்மாறாக, கணக்கு 16 சொல்லி பில் 9 சொன்னால், ஒன்று கணக்கில் எங்கோ ஊகம் அதிகம், இல்லையென்றால் நீங்கள் பாதி வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு வாழ்கிறீர்கள். இரண்டாவதும் நடப்பதுதான், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆக 16 அதிகம். கூடுதலாக இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பார்கள். கேஸ் பாய்லருக்கு ஒன்றும் பெரிதாகக் கெடாது, அந்தப் பழக்கத்தில்தான் சொல்கிறார்கள். ஹீட் பம்ப் அப்படியல்ல. அந்த அளவு இயந்திரங்கள் பெரும்பாலும் 4, 5 கிலோவாட்டுக்குக் கீழே இறங்கி ஓடாது. வெளியே 8 டிகிரி இருக்கிற சாதாரண குளிர்கால நாளில் உங்கள் வீட்டுக்கு வேண்டியது 3 கிலோவாட். அது நாள் முழுக்க நின்று நின்று ஓடும், கம்ப்ரசர் தேயும், மின்சாரமும் கூடும்.

அப்படியானால் 9 சொன்னவர் சரியா? எந்த வெளி வெப்பநிலையில், எத்தனை டிகிரி தண்ணீருக்கு 9 என்று அவரிடம் கேளுங்கள். விளம்பரத் தாளில் இருப்பது பல நேரம் வெளியே 7 டிகிரி, தண்ணீர் 35 டிகிரிக்கான எண். −10இல், 55 டிகிரி தண்ணீருக்கு அதே இயந்திரம் கணிசமாகக் குறைவாகத்தான் தரும். வெந்நீருக்கு ஆளுக்குக் கால் கிலோவாட் வீதம் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். −5 வரை தனியாகச் சமாளித்து, அதற்குக் கீழே உள்ளிருக்கும் மின்சூடேற்றி கைகொடுக்கிற மாதிரி எடுத்தால் −5இல் சுமார் 8 கிலோவாட்டும் வெந்நீருக்கான ஒன்றும் தரும் இயந்திரம் போதும். எசன் பக்கம் −5க்குக் கீழே போவது குளிர்காலத்தில் சில இரவுகள்தான்.

உண்மையில் உங்கள் தலைவலி இயந்திரம் அல்ல, அந்த மூலை அறை ரேடியேட்டர். இரண்டு தகடு உள்ள 22 வகை, 60 சென்டிமீட்டர் உயரம், 1.6 மீட்டர் நீளம் என்றால் தாளில் சுமார் 2,700 வாட் போட்டிருக்கும். அது 75 டிகிரியில் தண்ணீர் வந்து 65இல் திரும்பும்போது கிடைக்கும் எண். 55இல் வந்து 45இல் திரும்பினால் பாதிதான், 1,370. அறைக்கோ 2,125 வேண்டும். ஒட்டுமொத்த வீட்டுக்கு ஒரே எண் சொல்லிவிட்டுப் போகிறவரை நான் ஏன் நம்புவதில்லை என்றால் இதனால்தான். ஓர் அறை சூடாகவில்லை என்றால் வீடு முழுவதற்கும் தண்ணீர் வெப்பநிலையை ஏற்றுவார்கள், ஹீட் பம்ப் வைத்ததன் பலனே போய்விடும்.

எங்கே பணத்தைப் போடுவது என்பதையும் அதே கணக்கு காட்டிக்கொடுக்கும். ஜன்னலை மாற்றி 2.8ஐ 1.0 ஆக்கினால் இந்த அறையில் 243 வாட் மிச்சம். கெல்லர் கூரையின் அடியில் பலகை ஒட்டி 1.0ஐ 0.25 ஆக்கினால் 259 வாட். இரண்டும் ஏறக்குறைய ஒன்று, ஆனால் கெல்லர் வேலையை நீங்களும் மச்சானும் இரண்டு சனிக்கிழமையில் முடித்துவிடலாம், ஜன்னல் விலையில் சிறு பங்குகூட ஆகாது. இரண்டையும் செய்தால் 1,625க்கு இறங்கும். மூன்று தகடு உள்ள 33 வகை ரேடியேட்டர் 55 டிகிரியிலேயே அதைத் தந்துவிடும். சுவருக்கு வெளியே 14 சென்டிமீட்டர் இன்சுலேஷன் போட்டால் அது ஒன்றே அறையை 1,240க்குக் கொண்டுவரும், இருக்கிற ரேடியேட்டரே போதும். செலவுதான் பெரிது.

ஜன்னலை மட்டும் மாற்றிவிட்டுச் சுவரை அப்படியே விடும்போது ஒரு எச்சரிக்கை. பழைய ஜன்னல் இடுக்கில் போய்க்கொண்டிருந்த ஈரம் இனி போகாது. நம் வீடுகளில் சோறு வடிப்பதும் இடியப்பமும் புட்டும் அவிப்பதுமாக ஆவி கொஞ்சமா நஞ்சமா? சமதளச் சுவரே 14 டிகிரி என்றால் மூலை இன்னும் குளிரும். 20 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் சுவர்ப்பரப்பு 12.6 டிகிரிக்குக் கீழே போனால் பூஞ்சைக்கு இடம் கொடுத்துவிட்டோம் என்று ஜெர்மன் நெறியே எல்லை வகுத்திருக்கிறது. அலமாரியை அந்த மூலையில் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

அடுத்த தடவை இரண்டு பேரிடமும் அறைவாரித் தாளைக் கேளுங்கள். அதில் வெளிச்சுவரின் யு மதிப்பு, கெல்லருக்குப் போட்ட காரணி, காற்று மாற்றம், வெளி வெப்பநிலை நான்கையும் பாருங்கள். 16 சொன்னவரிடம் அப்படி ஒரு தாளே இல்லையென்றால், கெல்லருக்குப் போய் உங்கள் பழைய பாய்லரில் கிலோவாட் எழுதியிருக்கும் தகட்டைப் பாருங்கள். எண் அங்கிருந்து வந்ததா என்று தெரிந்துவிடும்.